கண்ணுக்குள் ஒரு துளி பச்சை

டான்யூப் நதிக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்கிற ஊர்ப்பக்கம் வரும்போது, திடீரென்று காணாமல் போய்விடும்! படுகையில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை விரிசல்கள் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கோடையில் பல நாட்கள் வெறும் கூழாங்கல்தான் மிச்சம். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற ஊரில் ஒரு பிரமாண்டமான ஊற்று இருக்கிறது. அதில் எந்நேரமும் தண்ணீர் பொங்கி வந்துகொண்டிருக்கும். 'எங்க ஆத்துத் தண்ணிதான் அங்கே வருது, ஓட்டையை அடைக்கணும்' என்றார்கள் டான்யூப் கரைக்காரர்கள். 'அதெல்லாம் கிடையாது, இது எங்க ஊத்து' என்றார்கள் ஆஹ் ஊர் மில் முதலாளிகள். காவிரித் தகராறு பார்த்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை!

1877 அக்டோபரில் அடோல்ஃப் க்னோப் என்கிற நிலவியல் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். ஃப்ளோரசின் என்ற சாயத்தில் 10 கிலோ எடுத்து, ஆறு மறைகிற இடத்தில் கொட்டினார். சுமார் 60 மணி நேரம் கழித்து, ஆஹ் ஊற்றிலிருந்து பளபளவென்று பச்சைத் தண்ணீர் பொங்கியது. வழக்கு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால், தண்ணீர்த் தகராறு எந்த நாட்டில் சாட்சியோடு முடிந்திருக்கிறது? அது பல வருடங்கள் நீண்டது. நமக்கு வேண்டியது அந்தப் பச்சைச் சாயம். எத்தனை லட்சம் மடங்கு கரைத்தாலும் 'நான் இங்கே இருக்கேன்' என்று கையைத் தூக்கிக் காட்டுகிற குணம் அதற்கு உண்டு.

அடோல்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியல் மேதை 1871-ல் தயாரித்த பொருள் அது. (பின்னால் 1905-ல் நோபல் பரிசு வாங்கியவர்.) நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுப் பச்சை வெளிச்சமாகத் திருப்பித் தரும். 1882-ல் பால் எர்லிக் அதைக் கண்ணுக்குள் கொண்டுபோனார். பிராணிகளின் உடம்பில் ஃப்ளோரசினைச் செலுத்தி, கண்ணின் முன்பகுதியில் ஊறும் நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். அன்று ஆரம்பித்த உறவு இன்றுவரை தொடர்கிறது. கண்ணில் தூசியோ நகமோ பட்டு டாக்டரிடம் போயிருந்தால் உங்களுக்கே தெரியும். ஆரஞ்சு நிறத் துளி ஒன்றை விட்டு, நீல விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். கீறல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது, அதே பச்சைச் சாயம் கண்ணுக்குள் இருக்கும் சர்க்கரையைக் காட்டிக்கொடுத்த கதை.

சர்க்கரை என்றதும், 'நீரிழிவு நோய் பத்தியா சார்?' என்று கேட்காதீர்கள். அது வேறு. கண் என்பதே கணிசமாகச் சர்க்கரையால் கட்டப்பட்ட ஒரு வீடு. காபியில் போடுகிற சர்க்கரை அல்ல. சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மணி கோத்த மாதிரி இணைந்த நீளமான சங்கிலிகள். மாவுச்சத்து என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பம்தான். 

இதை முதலில் கையில் பிடித்துக் காட்டியவர் கார்ல் மேயர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. மாட்டுக் கண்களை வாங்கி வந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற ஜெல்லியை அலசினார். 1934-ல் அவரும் ஜான் பாமரும் அதிலிருந்து ஒரு வழவழப்பான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் 'ஹயலோஸ்' என்றால் கண்ணாடி. அதை வைத்து 'ஹயலுரானிக் அமிலம்' என்று பெயர் சூட்டினார்கள். இன்றைக்கு முகத்தில் சுருக்கம் போவதற்கென்று டி.வி. விளம்பரத்தில் ஒரு நடிகை அழகாக உச்சரிக்கிறாரே, சாட்சாத் அதேதான்! மாட்டுக் கண்ணில் பிறந்த விஷயம் அந்த நடிகைக்குத் தெரியுமோ, தெரியாதோ!

மேயர் அதோடு விடவில்லை. கண்ணின் முன்பக்கத்துக்கு வந்தார். கருவிழிக்கு மேலே வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் கார்னியா. 1953-ல் மாட்டுக் கார்னியாவில் வேறொரு சர்க்கரைச் சங்கிலி இருப்பதை அவரும் அவருடைய குழுவும் விவரித்தார்கள். அதில் ஆங்காங்கே கந்தகம் கலந்த சல்ஃபேட் துணுக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதன் இன்றைய பெயர் கெராட்டன் சல்ஃபேட். 'கெராஸ்' என்றால் கிரேக்கத்தில் கொம்பு. 'கார்னியா' என்பதும் லத்தீனில் கொம்பு என்ற வார்த்தையிலிருந்து வந்ததுதான். நம் கவிஞர்கள் மீன், மான், குவளை என்று கண்ணுக்கு உவமை தேடிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பியர்களுக்குக் கண்ணைப் பார்த்ததும் கொம்பு ஞாபகம் வந்திருக்கிறது!

கார்னியாவின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். உள்ளே ஒரு சொட்டு ரத்தம்கூட ஓடாது. அதன் உடம்பு முழுக்க கொலாஜன் என்ற புரத இழைகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் கனத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், கண்ணின் வெள்ளைப் பகுதியும் அதே கொலாஜன்தான். ஒரே சரக்கு, ஒன்று பளிங்கு மாதிரி, இன்னொன்று சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. ஏன்?

லண்டனில் டேவிட் மாரிஸ் என்பவர் 1957-ல் இதற்கு விடை சொன்னார். கார்னியாவில் இழைகள் எல்லாம் ஒரே பருமன், ஒரே இடைவெளி. குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. அந்த ஒழுங்கினால், சிதறுகிற ஒளி ஒன்றையொன்று ரத்து செய்துவிட, நேராகப் போகிற வெளிச்சம் மட்டும் உள்ளே நுழைகிறது. வெள்ளைப் பகுதியில் இழைகள் தடித்தும் மெலிந்தும், கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி. வெளிச்சம் சிதறிவிடுகிறது. சரி, அணிவகுப்பில் இடைவெளி கலையாமல் பார்த்துக்கொள்கிற ஹவில்தார் யார்? நம்முடைய கெராட்டன் சல்ஃபேட்தான் அதில் முக்கியமானவர். இழைகளுக்கு இடையே நின்று, சல்ஃபேட்டின் மின்னேற்றத்தால் தண்ணீரை அளவாகப் பிடித்து வைத்துக்கொண்டு இடைவெளியைக் காப்பாற்றுகிறார். இந்த வரியை நீங்கள் படிக்க முடிகிறது என்றால், அதில் அந்தச் சர்க்கரைக்கும் பங்கு உண்டு.

ஹவில்தார் லீவு போட்டால்?

1890-ல் ஜெர்மனியில் ஆர்தர் குரோனோ என்ற கண் டாக்டர், கார்னியாவில் சிறு சிறு முடிச்சுகளாக வெண்மை படரும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். அவர் ஒரே பெயரில் எழுதியது உண்மையில் வெவ்வேறு நோய்கள் என்பது பிற்பாடு தெரிய வந்தது. 1938-ல் பக்லர்ஸ் என்பவர் அவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்தார். அதில் ஒன்றுதான் மாக்யுலர் கார்னியல் டிஸ்ட்ரோஃபி. 'மாக்யுலா' என்றால் புள்ளி, கறை. (விழித்திரையின் நடுவே மாக்யுலா என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர்களுக்குப் பெயர்ப் பஞ்சம்!)

நோய் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடும். முதலில் கார்னியாவின் நடுவில் மெல்லிய சாம்பல் புள்ளிகள். பிறகு புள்ளிகளுக்கு இடையேயும் பனி படர்ந்த மாதிரி மங்கல். வெயிலில் கண் கூசும், சில சமயம் சுருக்கென்று வலிக்கும். இருபது, முப்பது வயதுக்குள், அதாவது வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, வாழ்க்கையைத் தொடங்குகிற நேரத்தில், பார்வை பெரும்பாலும் போய்விடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கண் பளிச்சென்று இருக்கும். பிள்ளைக்கு மட்டும் இப்படி. 'யார் கண் பட்டுச்சோ' என்று திருஷ்டி கழிப்பதைத் தவிர அந்தப் பெற்றோர் என்ன செய்திருக்க முடியும்?

காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் கார்டன் கிளின்ட்வொர்த். ஆப்பிரிக்காவின் ரொடீஷியாவில் பிறந்து, ஜோஹானஸ்பர்க்கில் டாக்டராகி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் குடியேறியவர். வெட்டியெடுத்த கார்னியாக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதிலேயே ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்தவர். 1964-ல் அவரும் வோகலும் எழுதிய கட்டுரையில், இந்த நோயாளிகளின் கார்னியா செல்களுக்குள் ஏதோ ஒரு சர்க்கரைச் சரக்கு வெளியே போகாமல் தேங்கிக் கிடக்கிறது என்று காட்டினார்கள்.

ஏதோ ஒரு சரக்கு... இங்கேதான் வண்டி நின்றது. ஏனென்றால், அன்றைக்கு இருந்த சாயங்கள் எல்லாம் ரொம்ப தாராள மனசு கொண்டவை. அமிலத்தன்மை உள்ள சர்க்கரைச் சங்கிலி எதுவாக இருந்தாலும் நீலமாக்கிவிடும். கூட்டத்தில் நிற்கிற எல்லோரும் வெள்ளை வேட்டி என்று சொல்வதால் கட்சித் தலைவர் யார் என்று தெரிந்துவிடுமா? குறிப்பிட்ட ஒரு சர்க்கரையை மட்டும் விரல் நீட்டிக் காட்டுகிற ஆள் தேவைப்பட்டார்.

அப்படிப்பட்ட ஆள் நம் ரத்தத்திலேயே இருக்கிறார். ஆன்டிபாடி. வெளியிலிருந்து கிருமியோ அந்நியப் பொருளோ நுழைந்தால், அதைப் பிடிப்பதற்கென்றே உடம்பு தயாரிக்கும் புரதம். ஏகபத்தினி விரதம் கொண்டது. தனக்கென்று வாய்த்த பொருளைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. பிரச்னை என்னவென்றால், அது கண்ணுக்குத் தெரியாது. போய் ஒட்டிக்கொண்டதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1939 கோடை. ஆல்பர்ட் கூன்ஸ் என்ற 27 வயது அமெரிக்க டாக்டர் பெர்லினில் இருந்தார். இன்னும் சில வாரங்களில் உலகப் போர் வெடிக்கப் போகிறது. அந்த நகரத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்ததோ இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றி! தொண்டைக் கிருமியின் மிச்சம் மீதி இதயத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு, ஆன்டிபாடியின் முதுகில் ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. நாய்க்கு மணி கட்டுகிற மாதிரி எளிமையான யோசனைதான். 1934-லேயே இங்கிலாந்தில் மாராக் என்பவர் ஆன்டிபாடியில் சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்த்திருந்தார். ஆனால், திசுவின் மெல்லிய சீவலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு அடர்த்தியாக இருக்காது. சாயம் பூசினால் போதாது, அது ஒளிர வேண்டும்!

பாஸ்டனுக்குத் திரும்பிய கூன்ஸ், ஹார்வர்டில் லூயி ஃபீஸர் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார். அங்கே க்ரீச், ஜோன்ஸ் என்ற இரண்டு வேதியியல்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். (அதே ஃபீஸர்தான் 1942-ல் நேபாம் குண்டைக் கண்டுபிடித்தவர். பின்னாளில் வியட்நாம் கிராமங்களை எரித்ததே, அது. ஒரே கட்டடத்திலிருந்து ஒரு வெளிச்சமும் ஒரு நெருப்பும்!)

முதலில் ஆந்த்ரசீன் என்ற பொருளை ஆன்டிபாடியில் ஒட்டினார்கள். அல்ட்ரா வயலட் வெளிச்சத்தில் அது நீலமாக ஒளிர்ந்தது. 1941-ல் கட்டுரையும் வெளியானது. ஆனால், திசுக்களுக்குள் தேடிப் பார்க்கும்போது சிக்கல். உடம்பின் திசுக்கள் தாமாகவே லேசான நீலத்தில் மினுங்கக்கூடியவை. நீலத்துக்குள் நீலத்தை எங்கே தேடுவது? வேறு நிறம் வேண்டும். அப்போது கைகொடுத்ததுதான் டான்யூப்பைப் பச்சையாக்கிய ஃப்ளோரசின். 1942-ல், நிமோனியாக் கிருமி செலுத்தப்பட்ட எலிகளின் உறுப்புகளைச் சீவி, ஃப்ளோரசின் கட்டிய ஆன்டிபாடியை அதன் மேல் விட்டுக் கழுவினார்கள். கிருமியின் பொருள் இருந்த இடமெல்லாம் பச்சை!

இதில் பலர் கவனிக்காமல் போகிற ஒரு விஷயம் உண்டு. அந்தக் கிருமியைச் சுற்றிச் சட்டை மாதிரி ஒரு வழவழப்பான உறை இருக்கும். அது சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது என்று நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் மைக்கேல் ஹைடல்பெர்கரும் 1923-ல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 'ஆன்டிபாடி புரதத்தைத்தான் பிடிக்கும், சர்க்கரையையாவது பிடிக்கிறதாவது!' என்றார்கள். அதே சர்க்கரை உறைதான் கூன்ஸின் ஆன்டிபாடிக்கு இலக்கு. ஆக, ஒளிரும் ஆன்டிபாடி திசுக்களுக்குள் காட்டிய முதல் பொருளே ஒரு சர்க்கரைதான்!

போர் வந்தது. கூன்ஸ் ராணுவ டாக்டராகப் பசிபிக் தீவுகளுக்குப் போனார். திரும்பி வந்து, மெல்வின் காப்லானோடு சேர்ந்து 1950-ல் முறையைச் சீர்செய்தார். அப்போதும் சாயத்தைத் தயாரிக்க ஃபாஸ்ஜீன் தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற விஷ வாயு. நோயைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் முதலில் தங்கள் உயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது! 1958-ல் பாதுகாப்பான ஒரு மாற்று வந்த பிறகுதான் சாதாரண ஆய்வுக்கூடங்களும் துணிந்து இறங்கின. இதற்கிடையே 1954-ல் கூன்ஸும் தாமஸ் வெல்லரும் இன்னொரு தந்திரம் செய்தார்கள். முதல் ஆன்டிபாடி தன் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளட்டும். அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கிற இரண்டாவது ஆன்டிபாடியின் முதுகில் விளக்கைக் கட்டுவோம். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனித்தனியாக விளக்கு செய்யும் வேலை மிச்சம். இன்றும் உலகம் முழுக்க நடப்பது இதுதான். 1966-ல் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக, குதிரைமுள்ளங்கிக் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு என்ஸைமைக் கட்டி, பழுப்பு நிறமாகக் காட்டும் முறையும் வந்தது. அதற்கு விசேஷ மைக்ரோஸ்கோப் தேவையில்லை. கூன்ஸுக்கு 1959-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் கிடைக்கவில்லை. ஏவரிக்கும் கிடைக்கவில்லை. நோபல் கமிட்டியின் மேல் எனக்கு இருக்கும் கோபங்களில் இந்த இரண்டும் முன்வரிசையில் நிற்கின்றன.

சரி, விளக்கு ரெடி. கார்னியா சர்க்கரையைப் பிடிக்கிற ஆன்டிபாடி எங்கே? இதுதான் கஷ்டமான பகுதி. எலிக்கு அந்நியப் புரதத்தைச் செலுத்தினால் ஆன்டிபாடி சுலபமாகக் கிடைக்கும். சர்க்கரைச் சங்கிலி அப்படி இல்லை. எலி உடம்பிலும் மனித உடம்பிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சர்க்கரைகள்தான். 'இது நம்ம ஆளு' என்று எதிர்ப்பு சக்தி கண்டுகொள்ளாது. கண்டுகொண்டு தயாரித்தாலும், ஒரே ரத்தத்தில் பலவிதமான ஆன்டிபாடிகள் கலந்து கிடக்கும்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் அந்தக் கலப்படத்துக்கு ஒரு முடிவு கட்டினார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லுக்கு அற்பாயுள். புற்றுநோய் செல்லோ மார்க்கண்டேயன். இரண்டையும் ஒன்றாக இணைத்தால், ஒரே ஒரு வகை ஆன்டிபாடியை மட்டும் காலாகாலத்துக்கும் சுரந்துகொண்டிருக்கும் செல் பரம்பரை கிடைக்கும். இவர்களுக்கு 1984-ல் நோபல் கிடைத்தது, நியாயமாகவே.

இந்த முறையைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் புரூஸ் கேட்டர்சன். அவருடைய அக்கறை கண் அல்ல, மூட்டு. முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகத் தயாரித்த ஆன்டிபாடிகளில் ஒன்று, குருத்தெலும்பில் உள்ள கெராட்டன் சல்ஃபேட்டைக் கச்சிதமாகப் பிடித்தது. கார்னியாவில் உள்ளதையும் பிடித்தது! 1983-ல் வெளியான கட்டுரை அதைச் சொன்னது. ஆன்டிபாடியின் பெயர் 5-டி-4. பஸ் ரூட் நம்பர் மாதிரி இருக்கிறதல்லவா? இப்படிப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் செல்களை வளர்த்த பிளாஸ்டிக் தட்டின் குழி முகவரிகள்தான். மூட்டுக்குச் செய்த மருந்து கண்ணுக்கு உதவிய மாதிரி, இந்த ரூட் நம்பர் நேராக கிளின்ட்வொர்த்தின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அதற்குள் வேறொரு முக்கியமான தடயமும் கிடைத்திருந்தது. 1980-ல் ஜான் ஹாஸல் குழுவினர், நோயாளிகளின் கார்னியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அது முழுமையான கெராட்டன் சல்ஃபேட்டைத் தயாரிக்கவில்லை என்று காட்டினார்கள். இனி அதைத் திசுவில் நேரில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

1988-ல் கிளின்ட்வொர்த்தும், நிர்மலா சுந்தர்ராஜ், யூஜின் தோனார் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் அதைச் செய்தார்கள். கண் மாற்று அறுவை சிகிச்சையில் நோயாளியின் கெட்டுப்போன கார்னியாவைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுப்பார்கள். டாக்டர்களே அதைப் 'பட்டன்' என்றுதான் சொல்வார்கள். நோயாளிக்கு அது வேண்டாத பொருள். நோயியல் நிபுணருக்குப் பொக்கிஷம். அதை மெழுகில் புதைத்து, மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஆன்டிபாடித் துளியை விட்டு, கழுவி, அடையாளம் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை விட்டு, மறுபடி கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்...

நல்ல கார்னியா முழுக்க நிறம் ஏறும். பல நோயாளிகளின் கார்னியாவில் ஒன்றுமே இல்லை! சுத்தமான சூன்யம்.

பொதுவாக, ஆராய்ச்சியில் எதுவும் தெரியவில்லை என்றால் 'சோதனை சொதப்பிவிட்டது' என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால்தான் நல்ல கார்னியாவையும் பக்கத்திலேயே வைத்து, அதே துளியை அதிலும் விட்டுப் பார்ப்பார்கள். அங்கே நிறம் ஏறுகிறது, இங்கே ஏறவில்லை என்றால், இந்த வெறுமைதான் சாட்சி. தோனார் ஏற்கெனவே 1986-ல் இன்னொரு ஆச்சரியத்தை வெளியிட்டிருந்தார். நோயாளிகளின் ரத்தத்திலும் அந்தச் சர்க்கரை இல்லை! ரத்தத்துக்கு அது வருவது குருத்தெலும்பிலிருந்து. அப்படியானால், கோளாறு கண்ணில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க. ஆனால், அவர்களுடைய முழங்காலோ இடுப்போ ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. மூட்டு அந்தச் சர்க்கரை இல்லாமலே சமாளித்துக்கொள்கிறது. கண்ணால் முடியவில்லை. அணிவகுப்பு கலைந்தால் கண்ணில்தான் குருடு விழும்.

இன்னொரு குழப்பமும் வந்தது. வேறு சில நோயாளிகளின் கார்னியாவில் நிறம் ஏறியது! ரத்தத்திலும் சர்க்கரை இருந்தது. டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே புள்ளிகள், அதே மங்கல். ஆன்டிபாடி மட்டும்தான் இரண்டையும் பிரித்தது. நிறம் ஏறாதவர்கள் முதல் வகை, ஏறியவர்கள் இரண்டாம் வகை. 1997-ல் சவூதி அரேபிய நோயாளிகளைப் பார்த்தபோது, செல்களுக்குள் மட்டும் நிறம் ஏறி வெளியே ஏறாத ஒரு நடுத்தர வகையும் சேர்ந்தது.

சங்கிலியே இல்லையா, அல்லது சங்கிலியில் ஏதோ குறையா? ஆன்டிபாடி இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது. 5-டி-4 ரொம்ப கறாரான பேர்வழி. சர்க்கரைச் சங்கிலியில் சல்ஃபேட் நெருக்கமாகத் தொங்கினால்தான் ஒட்டும். நகை போடாமல் வந்த கல்யாணப் பெண்ணை 'இது பொண்ணே இல்லை' என்று சொல்லிவிடுகிற ரகம்! உண்மையில் முதல் வகை நோயாளிகளிடம் சங்கிலி இருந்தது, சல்ஃபேட்தான் இல்லை. அப்படியென்றால் சல்ஃபேட்டை மாட்டிவிடுகிற தட்டான் யாரோ ஒருவர் வேலைக்கு வரவில்லை. அவரைத் தேட வேண்டும்.

தேடலில் ஐஸ்லாந்துக்கு ஒரு தனி இடம் உண்டு. சின்னத் தீவு, குடும்ப வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கும் மக்கள். அங்கே நடக்கும் கண் மாற்று அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே நோய்க்காக என்று 1989-ல் ஃப்ரிட்பெர்ட் யோனாசன் குழுவினர் எழுதினார்கள். 1996-ல் 28 நோயாளிகளின் வம்சாவளியையும் ஆன்டிபாடிச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோளாறு 16-ம் குரோமோசோமில் இருக்கிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. 2000-ல் கலிஃபோர்னியாவில் அகாமா, மிச்சிகோ ஃபுகுடா ஆகியோரும் அவர்களுடைய ஜப்பானிய சகாக்களும் சேர்ந்து தட்டானைப் பிடித்துவிட்டார்கள். சி.ஹெச்.எஸ்.டி.6 என்ற ஜீன். சல்ஃபேட்டை மாட்டும் என்ஸைமைத் தயாரிக்கிற ஜீன் இதுதான். முதல் வகையில் ஜீனுக்குள்ளேயே எழுத்துப்பிழை. இரண்டாம் வகையில் ஜீன் சரி. அதை கார்னியாவில் விழிக்கச் சொல்லும் பக்கத்துப் பகுதியில் கோளாறு. அதனால்தான் ரத்தத்தில் சர்க்கரை இருந்திருக்கிறது. 12 வருடங்களுக்கு முன்பு ஆன்டிபாடி போட்ட கோட்டுக்கு இப்படி ஓர் அர்த்தம் கிடைத்தது.

இந்தக் கதை நம் ஊருக்கும் வருகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான ஜீன் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் கண் பளிச். தூரத்துச் சம்பந்தத்தில் அப்படி இருவர் சந்திப்பது அபூர்வம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொள்கிற தென்னிந்தியாவில்? தாத்தாவின் ஒரே எழுத்துப்பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் பேரனுக்கு வந்து சேரும். பெற்றோர் இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 'சொத்து வெளியே போகக் கூடாது' என்று நடக்கும் கல்யாணங்களில் இந்தச் சொத்தும் வெளியே போவதில்லை! 2003-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தென்னிந்திய நோயாளிகளின் ஜீனைப் படித்து, அதுவரை எங்கும் பார்த்திராத பிழைகளைக் கண்டார்கள். அதே ஆண்டு ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் நம் கிளின்ட்வொர்த்.

அவர்களே 2009-ல் இந்தியப் பட்டன்களில் ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தபோது ஒரு திருப்பம். எந்தப் பிழை இருந்தால் எந்த வகை நிறம் என்று சுலபமாகப் பொருத்திவிடலாம் என்று எதிர்பார்த்தால், அது அப்படிப் பொருந்தவில்லை. அந்த ஒரு ஜீனைத் தவிர வேறு யாரோவும் இந்தச் சர்க்கரைக் கடையில் கைவைக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நியாயமான கேள்வி. முதல் வகையோ இரண்டாம் வகையோ, முற்றிவிட்டால் வழி ஒன்றுதான். இறந்தவர் ஒருவர் தானம் கொடுத்த கார்னியா. 1905-ல் எட்வர்ட் ஸிர்ம் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டிய அதே சிகிச்சை. நுணுக்கங்கள்தான் மாறியிருக்கின்றன. பழுதான ஜீனைச் சரிசெய்யும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன் ஜீன் சோதனை செய்துகொள்ளலாம் என்பது நிச்சயம் ஒரு லாபம்.

தைத்து வைத்த புதுக் கார்னியா பல வருடங்கள் நன்றாகவே வேலை செய்கிறது. தானம் கொடுத்தவரின் செல்கள் நோயாளியின் கண்ணுக்குள் இருந்துகொண்டு சல்ஃபேட் மாட்டிய சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டிருக்கும். ஆனால், சிலருக்குக் காலப்போக்கில் தையலைத் தாண்டி நோயாளியின் சொந்த செல்கள் மெல்ல உள்ளே நகர்ந்து வருகின்றன. பல வருடங்கள் கழித்து, ஒட்டிய கார்னியாவின் ஓரத்தில் மறுபடி அந்தச் சாம்பல் புள்ளிகள் தலைகாட்டும். அப்போது இரண்டாவது முறையும் ஒரு பட்டன் வெட்டப்பட்டு, மெழுகில் ஏறி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வந்து உட்காரும்.